அப்பாவும் நானும் ஒரே கிளாஸ்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். சௌம்யா சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று நிச்சயதார்த்தத்தன்று காலையில் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

ஆறு மாதத்துக்கு முன்பு மாப்பிள்ளை கிஷோரின் அம்மா ஜானகி முதன்முறையாக பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சௌம்யாவின் வீட்டுக்கு வந்தபோது, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்பா எது வரைக்கும் படிச்சிருக்காரும்மா?"

டைல்ஸ் மேஸ்திரி சண்முகம் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். ஆனால் சௌம்யாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "எஸ்.எஸ்.எல்.சி. ஆன்ட்டி." பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிஷோர் தலையாட்டினான். ஆபீசில் அவளுக்கு எதிர் சீட்டுக்காரன் அவன். அவனிடமும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அந்தப் பொய் அது பாட்டுக்கு மூலையில் கிடந்திருக்கும். மூன்று வாரம் முன்பு ஜானகி போனில் தங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னதுதான் வினையாகப் போனது.

"எங்க சைடுல லக்ன பத்திரிகைய ஐயர் படிக்கமாட்டாரும்மா. பொண்ணோட அப்பாதான் சபையில நின்னு படிக்கணும். பாத்துப் படிச்சாத்தான் வாக்குக் குடுத்த மாதிரி. அதுக்கப்புறம்தான் தட்டு மாத்துவோம். சம்மந்தி படிச்சவரு, அவருக்கென்ன."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சண்முகம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் மகளைப் பார்த்தார்.

"எத்தினியாவதுன்னு சொல்லி வச்சிருக்க?"

"பத்து."

"பாஸா?"

சௌம்யா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சண்முகம் இப்போது முன்னைப் போல அட்சரம் தெரியாதவரும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள வேடிக்கை. சௌம்யாவுக்குப் பிறகு வெகுகாலம் கழித்து, யாரும் எதிர்பாராமல் வந்து பிறந்த கடைக்குட்டி சிந்து. கவர்ன்மென்ட் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு, கன்னட மீடியம். அவளுடைய மமதா மிஸ், சனிக்கிழமை தோறும் பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். அம்மா உஷாவுக்குச் சனிக்கிழமையும் கார்மென்ட்ஸில் வேலை. "துணைக்கு மட்டும் வந்து குந்து, போதும்" என்று சின்னவள் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்குப் போன மனிதர் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டார்.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். பிள்ளை எழுத்துக்கு அடியில் விரல் வைக்க வேண்டும், பெற்றவர் படிக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. விரல் உன்னுது, வாய் அப்பாவுது என்பார் மமதா மிஸ். இப்படியாகச் சண்முகம் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தார். சௌம்யா ஒருநாள்கூட அந்த வகுப்பை எட்டிப் பார்த்ததில்லை. குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க அப்பா உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்தாலே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் லக்ன பத்திரிகை தமிழில் இருக்குமே. வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் உஷா ஒருத்திதான், திருப்பத்தூரில் எட்டாவது வரை படித்தவள். அவளுக்குக் கன்னட எழுத்து தெரியாது. சௌம்யாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. பெங்களூரில் இது வீட்டுக்கு வீடு உள்ள கூத்துதான்.

கடைசியில் சிந்துதான் வழி சொன்னாள். ஜானகி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகையை உஷா வரி வரியாகப் படித்தாள். சிந்து அந்தத் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதினாள். சண்முகம் அதைப் படித்தார். அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, வேலைக்குக் கிளம்பக் கிளம்ப, மூன்று வாரமாக இதே பாராயணம்.

"நான் நீட்டா டைப் பண்ணித் தரேன்பா" என்று சௌம்யா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"வேணாம்மா. எனக்கு இவ கையெழுத்துதான் பழக்கம்."

"தொண்டை கட்டிகிச்சின்னு சொல்லிட்டா இன்னாப்பா? ஐயர் படிச்சிடுவாரு. அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சண்முகம் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தார். "பொண்ணைக் குடுக்கற அன்னிக்குத் தொண்டை இல்லன்னா அப்புறம் எதுக்கு அப்பன்?" என்றார். சௌம்யா அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் சின்ன மண்டபம். பதினோரு மணிக்கு ஆனேக்கலிலிருந்து இரண்டு டெம்போ டிராவலர் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் கிஷோரின் தாய்மாமா சந்திரசேகரன். மரக்கடை முதலாளி. கிஷோருக்கு அப்பா இல்லாததால் எல்லாம் மாமா வைத்ததுதான் சட்டம். சீர்வரிசைத் தட்டுகளை வாசலிலேயே நிறுத்தி ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

சௌம்யா மணமகள் அறையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் அப்பா தெரிந்தார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் நாலாக மடித்த சிந்துவின் தாள். ஐயர் பத்திரிகையை நீட்டினதும் அதன்மேல் இந்தத் தாளை வைத்துக்கொள்வது, அவ்வளவுதான் திட்டம். யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பத்து நிமிஷம் தாண்டிவிட்டால் போதும் என்று சௌம்யா குலதெய்வத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

குலதெய்வம் அந்த நேரம் பார்த்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது போலும். ரோஸ் மில்க் கொடுக்கும் இடத்தில் கிஷோர் வீட்டுச் சிறுமி ஒருத்தி சிந்துவைக் கேட்டாள்: "நீ எந்த ஸ்கூல்?"

"கவர்ன்மென்ட் ஸ்கூல். சனிக்கிழமைல எங்கப்பாவும் வருவாரு" என்றாள் சிந்து, உதட்டின் மேல் ரோஸ் மீசையோடு. "எங்கப்பாவும் நானும் ஒரே கிளாஸ்."

டம்ளரை எடுக்க வந்த சந்திரசேகரன் திரும்பினார். "என்ன பாப்பா சொன்னே?"

சௌம்யா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள். மணப்பெண் அப்படி ஓடி வரலாமா என்றெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"அது ஒண்ணுமில்ல அங்கிள். இவ ஸ்கூல்ல சனிக்கிழமை பேரன்ட்ஸுக்கு ஒரு கிளாஸ் நடக்குது. அப்பா அங்க போயி சொல்லிக் குடுக்கறாரு. வாலன்டியரா."

"அட, சர்வீஸா? சந்தோசம்." சந்திரசேகரன் முகம் மலர்ந்தது. "எங்கக்கா சொன்னப்பவே நினைச்சேன், படிச்ச குடும்பம்னு."

சிந்து அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். சௌம்யா அவள் தோளை அழுத்திப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அப்பா எங்கக்கா சொல்லிக் குடுக்கறாரு? அவரு படிக்கத்தானே—"

"சும்னிரு, பேசாத."

"யாரு கேட்டாலும் வெக்கப்படாம சொல்லணும்னு மமதா மிஸ் சொல்லியிருக்காங்க."

"கல்யாணம் உங்க மிஸ்ஸுக்கா, எனக்கா?"

சிந்துவின் கண் நிரம்பிவிட்டது. அவளைச் சமாதானம் செய்ய நேரமில்லை. திரும்பினால் பின்னாலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் வெற்றிலைத் தட்டோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"பத்தாவதுன்னு சொன்னே, சரி போவுதுன்னு இருந்தேன்" என்றார் தணிந்த குரலில். "இப்ப வாத்தியாராவே ஆக்கிட்டியாம்மா."

"அப்பா, அந்த நேரத்துல வேற—"

அவர் நிற்கவில்லை. தட்டைச் சபையில் வைக்கப் போய்விட்டார். சௌம்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மை கரைந்துவிடுமே என்ற பயத்தில் அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஜமக்காளத்தில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் தட்டுகள். கிஷோர் நீலச் சட்டையில் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். பிள்ளையாருக்குப் பூ போட்டு, தேங்காய் உடைத்து, ஐயர் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் எடுத்தார்.

"இருங்க ஐயரே." சந்திரசேகரன் கையை நீட்டித் தடுத்தார். "அக்கா அனுப்பினது சின்னதா இருந்துச்சு. மாப்பிள்ள வம்சத்துல நாலு தலைமுறை பேரையும் போட்டுப் புதுசா எழுதிக் கொண்டாந்திருக்கேன். படிச்ச சம்மந்தி வாயால அத சபையில கேக்கணும்னு எனக்கு ஒரு ஆசை."

பட்டுத் துணியிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்தார். முழுத் தாளும் நெருக்கிப் பிடித்துத் தமிழ் எழுத்து. ஐயர் அதை வாங்கி, குங்குமம் வைத்து, சண்முகத்திடம் நீட்டினார்.

சண்முகம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த தாள் இனி எதற்கும் உதவாது. மூன்று வாரப் பாடமும் அந்தப் பையிலேயே செத்துவிட்டது.

சண்முகம் தாளைப் பார்த்தார், தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உஷா சௌம்யாவைப் பார்த்தாள், சௌம்யா அம்மாவைப் பார்த்தாள். சந்திரசேகரன் தொண்டையைக் கனைத்தார்.

சௌம்யா எழுந்துவிட்டாள். "அங்கிள், அப்பாவுக்கு நேத்துலேர்ந்து தொண்டை—"

"எந் தொண்டை நல்லாத்தான் இருக்குது" என்றார் சண்முகம்.

அவர் சத்தம் போடவில்லை. ஆனால் கடைசி வரிசையில் இலை போடக் காத்திருந்தவர்கள் வரைக்கும் அது கேட்டது. சௌம்யா நின்றபடியே நின்றாள்.

"மன்னிக்கணும் சம்மந்தி. எனக்கு இந்த எழுத்து தெரியாது. நான் பத்தாவதும் இல்ல, வாத்தியாரும் இல்ல. ஸ்கூலுக்கே போனதில்ல. இப்பத்தான் சனிக்கிழமைல எஞ் சின்னப் பொண்ணோட குந்திகினு படிக்கறேன். கன்னட எழுத்து தெரியும். அதுவும் மெதுவாத்தான் வரும்."

யாரோ 'அய்யோ' என்றார்கள். சந்திரசேகரன் முகம் சிவந்தது. "அப்ப எங்ககிட்ட சொன்னதெல்லாம்?"

"அத அப்புறம் கேளுங்க, பதில் வரும். நீங்க வாக்கு கேட்டீங்க. மொதல்ல அதக் குடுத்துடறேன்."

ஐயர் நல்ல மனிதர். "நான் படிச்சுச் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லிடுங்களேன், ஆச்சு" என்றார்.

"சொல்றது வேற, படிக்கறது வேற சாமி. பாத்துப் படிச்சாத்தான் வாக்குன்னு கேட்டாங்க. படிச்சே குடுக்கறேன்." சண்முகம் திரும்பினார். "உஷா, வா. சிந்து, நீயும் வாம்மா."

சௌம்யாவை அவர் கூப்பிடவில்லை. அவளால் இதில் ஆகக் கூடியது ஒன்றுமில்லை. கட்டின பட்டுப்புடவையோடு நின்று பார்ப்பதைத் தவிர.

மூன்று பேரும் ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்ந்தார்கள். பழைய தாளைத் திருப்பிப் போட்டு, ஐயரிடம் பேனா வாங்கிக்கொண்டாள் சிந்து. அழுத கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். உஷா புதுப் பத்திரிகையைத் தணிந்த குரலில் படிக்கப் படிக்க, சின்னவள் முட்டியின் மேல் வைத்து எழுதினாள்.

"இது என்ன நிச்சயதார்த்தமா, ஸ்கூலா?" சந்திரசேகரன் எழப் பார்த்தார்.

"தம்பி, உக்காரு." ஜானகி முதல்முறையாக வாயைத் திறந்தார். "அவரு படிக்கணும்னு கேட்டது நாம. நீட்டி எழுதிக் கொண்டாந்தது நீ." முகத்தில் கோபமா இரக்கமா என்று சௌம்யாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுதி முடிந்தது. சண்முகம் எழுந்து தாளைப் பிடித்தார். சிந்து பக்கத்தில் நின்று, எக்கி, முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள்.

"நி... நிகழும்... மங்... மங்களகரமான..."

இவ்வளவு மெதுவாக ஒரு பத்திரிகை எந்த மண்டபத்திலும் படிக்கப்பட்டிருக்காது. ஒவ்வொரு வார்த்தையும் கல் கல்லாக வந்து உட்கார்ந்தது. வருஷம் வந்தது, மாதம் வந்தது. கிஷோரின் கொள்ளுத் தாத்தா பெயரில் வந்து வண்டி நின்றுவிட்டது.

"அ... ன... அனந்த..."

கன்னடத்தில் எழுத்துக்கு அடியில் இன்னோர் எழுத்து தொங்கும். அந்தத் தொங்கல்தான் சண்முகத்துக்கு எமன். நெற்றியில் வேர்வை அரும்பியது. சிந்துவின் விரல் அங்கேயே நின்றது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒவ்வொருவர் வாயும் துடித்தது. சந்திரசேகரனுக்குப் பொறுக்கவில்லை. "அனந்தபத்—"

"சொல்லக் கூடாது அங்கிள்" என்றாள் சிந்து, விரலை எடுக்காமலே. "அவரே படிப்பாரு."

மரக்கடை முதலாளி வாயை மூடிக்கொண்டார். சௌம்யா அப்பாவின் உதடுகளையே பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் நின்றிருப்பார், இப்படித்தான் வேர்த்திருப்பார். அந்த வகுப்பை ஒருநாள்கூடப் போய்ப் பார்க்காத தன்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

"பத்... ம... நாபன். அனந்தபத்மநாபன்" என்றார் சண்முகம். மூச்சை விட்டுக்கொண்டு மறுபடி ஒருமுறை முழுசாகப் படித்தார். "அனந்தபத்மநாபன் அவர்களின் கொள்ளுப் பேரனும்."

பின்வரிசையில் ஒரு கிழவர் கை தட்டிவிட்டு, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரிய தடங்கல் இல்லை. "என் மூத்த மகள் சௌம்யாவை" என்ற இடத்தில் மட்டும் விரல் வருவதற்கு முன்பே அவர் படித்துவிட்டார். "கொடுக்கச் சம்மதித்து இந்தச் சபையில் வாக்களிக்கிறேன்" என்று முடித்து, இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துத் தட்டில் வைத்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயர் தட்டை எடுக்கப் போனார். அதன்மேல் சந்திரசேகரன் கை இருந்தது.

"ஐயரே, கொஞ்சம் இருங்க. படிக்கத் தெரியாதது குத்தம்னு நான் சொல்லமாட்டேன். எங்கப்பாவே கைநாட்டுதான்." அவர் குரல் இப்போது இறங்கியிருந்தது. அதுதான் சௌம்யாவைப் பயமுறுத்தியது. "ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி, அவரு அங்க சொல்லிக் குடுக்கறாருன்னு எங்கிட்ட யாரோ சொன்னாங்களே. அது யாருன்னு அவங்களே சபையில சொல்லட்டும்."

சண்முகம் வாயெடுத்தார். பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் சௌம்யா முந்திக்கொண்டாள்.

"நான்தான். எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னதும் நான்தான். அப்பா கேட்டு நான் சொல்லல. அவருக்கே மூணு வாரம் முன்னாடிதான் தெரியும்."

இவ்வளவுதானா, இதைச் சொல்லவா ஆறு மாதம் என்று இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. எதிரே கிஷோர் எழுந்து நின்றான். சிரிப்பில்லாமல் அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எங்கம்மாகிட்ட பயந்து சொன்னே, சரி" என்றான். "எங்கிட்ட எதுக்கு சொன்னே?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பா அத்தினி பேரு முன்னாடி வேர்க்க வேர்க்க நின்னு வாக்கு குடுத்தாரு. அத நான் கண்ண மூடிகினு நம்புவேன். உன் வாக்க எப்படி நம்பறது சௌம்யா?"

சந்திரசேகரன் எதையோ சொல்லவந்தார். ஜானகி கையமர்த்திவிட்டு எழுந்தார். தட்டைத் தம்பியின் கையிலிருந்து வாங்கி, இரண்டு வீட்டாருக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல் வைத்தார்.

"தட்டு இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேரும் மாடிக்குப் போயி பேசிட்டு வாங்க. நீங்க வந்து சொல்றதுதான் முடிவு. அது எதுவா இருந்தாலும் சரி."

மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் வெயில் கொளுத்தியது. தூரத்தில் ஏரி மின்னியது. கிஷோர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்க்காமலே சொன்னான்:

"மொதல்லேர்ந்து சொல்லு. எது எது நிஜம், எது எது இல்ல. எவ்வளவு நேரமானாலும் பரவால்ல, நான் குறுக்க பேசமாட்டேன்."

சௌம்யா வாயைத் திறந்தாள். முதல் வார்த்தையே வரவில்லை. இங்கே விரல் வைத்துக் காட்டவும் அவளுக்கு யாரும் இல்லை.